மஞ்சள் கேப்ஸ்யூலா, கிரீன் டீ சத்தா, திராட்சைச் சத்தா: மறதிக்கு எதை வாங்குவது?

"அம்மாவுக்கு மறதி ஆரம்பிச்சிருக்கு தம்பி. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கார், அது இருக்கட்டும். கூடவே அந்த மஞ்சள் கேப்ஸ்யூல் கொடுக்கலாமா, இல்ல கிரீன் டீ சத்து நல்லதா?" நங்கநல்லூரில் மருந்துக்கடை கவுண்டரில் நிற்பவனுக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. ஆள் மாறுவார், நோய் மாறும், சில சமயம் மறதி, சில சமயம் கை நடுக்கம், சில சமயம் சர்க்கரையால் வந்த கால் எரிச்சல், ஆனால் இந்தச் சத்துகள் மூளையையும் நரம்பையும் காக்கும் என்று சொல்லும், கையில் இருக்கும் வாட்ஸ்அப் வீடியோ மட்டும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். கியூவில் பின்னால் நான்கு பேர் நிற்கும்போது இதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோய் வந்துவிட்ட ஒருவருக்கு அதன் வேகத்தைக் குறைக்கும் என்று பெரிய, முறையான மனித ஆய்வில் நிரூபணமான பாலிஃபீனால் கேப்ஸ்யூல், அதாவது மஞ்சள், தேயிலை, திராட்சை மாதிரி செடிகளிலிருந்து எடுத்த சத்துக் கேப்ஸ்யூல், எதுவும் இன்றுவரை இல்லை. அப்படியென்றால் ஒப்பிட என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. நன்மை விஷயத்தில் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நிற்கின்றன, கெடுதல் விஷயத்தில் அப்படி இல்லை. வீட்டில் ஏற்கெனவே ஐந்தாறு மாத்திரை போடுகிற ஆளுக்கு எது எதோடு மோதும் என்பதுதான் முக்கியமான கேள்வி. அதை யாரும் கேட்பதில்லை.

முதலில் இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம், அது ஒன்றும் மூடநம்பிக்கை இல்லை. செடிகள் பூச்சியிடமிருந்தும் கடும் வெயிலிடமிருந்தும் தங்களைக் காத்துக்கொள்ளத் தயாரிக்கும் பொருள்கள்தான் பாலிஃபீனால்கள். நெல்லிக்காயின் துவர்ப்பு, நாவல்பழத்தின் ஊதா, தேயிலையின் கடுப்பு எல்லாம் அவைதான். அல்சைமர் என்ற மறதி நோயில் அமிலாய்டு, டவ் என்ற புரதங்களும், பார்க்கின்சன் என்ற நடுக்க நோயில் ஆல்ஃபா சைனுக்ளீன் என்ற புரதமும் மூளையில் தப்பாக மடிந்து கட்டி கட்டியாகச் சேர்கின்றன. கிரீன் டீயில் இருக்கும் ஈ.ஜி.சி.ஜி. என்ற பொருள் சோதனைக் குழாயில் இந்தக் கட்டிகள் உருவாவதைத் திசைதிருப்பிவிடுகிறது, மஞ்சளில் இருக்கும் கர்க்குமின் அமிலாய்டோடு போய் ஒட்டிக்கொள்கிறது, எலிக்கு மறதி குறைகிறது. இதெல்லாம் உண்மையான ஆய்வுகள். வீடியோக்காரர் பொய் சொல்லவில்லை, பாதியில் நிறுத்திவிடுகிறார், அவ்வளவுதான்.

மீதிப் பாதி என்னவென்றால், வாயில் போட்டது மூளைக்குப் போக வேண்டுமே. குடலில் பெரும்பகுதி உள்ளேயே போவதில்லை. போனதைக் கல்லீரல் வந்த வேகத்தில் உருமாற்றி வெளியே தள்ளப் பார்க்கிறது. அதையும் தாண்டி மிஞ்சுவது ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே இருக்கும் தடுப்பில் நிற்க வேண்டும், அது நம் அடுக்குமாடி வாட்ச்மேன் மாதிரி, தெரியாத முகம் என்றால் லேசில் விடாது. சோதனைக் குழாயில் இந்த மூன்று தொல்லையும் கிடையாது.

சரி, மஞ்சள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் கடையில் அதிகம் கேட்கப்படுவது இதுதான். மஞ்சள்தூளில் கர்க்குமின் எடைக்கு மூன்று சதவீதம் அளவுதான் இருக்கிறது. அல்சைமர் நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகளில் ஒன்று ஹாங்காங்கில் 2008-ல் வெளியானது, 34 பேர், நாளுக்கு 1 கிராம் அல்லது 4 கிராம், ஆறு மாதம். இன்னொன்று அமெரிக்காவில் 2012-ல், 36 பேர், 2 கிராம் அல்லது 4 கிராம், 24 வாரம். இரண்டிலும் பலன் தெரியவில்லை. 4 கிராம் கர்க்குமினைச் சமையல் மஞ்சளிலிருந்து எடுக்க வேண்டுமென்றால் தினமும் 130 கிராமுக்கு மேல் மஞ்சள்தூள் சாப்பிட வேண்டும். அத்தனை கொடுத்துமே ரத்தத்தில் அது சொற்பமாகத்தான் தென்பட்டது என்றால், ராத்திரி பாலில் போடும் ஒரு சிட்டிகையைப் பற்றி நான் என்ன சொல்ல.

மஞ்சளுக்கு ஆதரவாக ஒரு ஆய்வு இருக்கிறது, மறைக்கக் கூடாது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் கிளையில் நடந்து 2018-ல் வெளியானது. உடம்பில் சேரும்படி பொடியை மிக நுண்ணியதாக்கித் தயாரித்த கர்க்குமின், 90 மி.கி., நாளுக்கு இரண்டு வேளை, பதினெட்டு மாதம். ஞாபக சக்தித் தேர்வில் மருந்து எடுத்தவர்கள் முன்னேறினார்கள். கேப்ஸ்யூல் விற்கிறவர்கள் எல்லோரும் காட்டுவது இதைத்தான். ஆனால் கலந்துகொண்டவர்கள் மொத்தமே 40 பேர், அதில் ஒருவருக்கும் டிமென்ஷியா, அதாவது மறதி நோய், கிடையாது, வயதுக்கேற்ற சாதாரண மறதி அல்லது அதைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவே. ஏற்கெனவே நோய் என்று பெயர் எழுதப்பட்ட அம்மாவுக்கு இதை நீட்டிப் பொருத்த முடியாது. 2017-ல் மருந்து வேதியியலாளர்கள் சிலர் கர்க்குமினைப் பற்றிய மொத்த ஆய்வுகளையும் அலசி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார்கள். உடம்பில் நிலைத்து நிற்காத, உறிஞ்சப்படாத, பரிசோதனைக் கருவிகளையே ஏமாற்றக்கூடிய ஒரு பொருள் என்பதுதான் அவர்கள் கணிப்பு. கர்க்குமின் தானே ஒளிரும், ஒளியை வைத்து அளக்கும் சோதனையில் மருந்து வேலை செய்ததா, மருந்தே மின்னியதா என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம்.

இப்போது கேப்ஸ்யூல் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். கர்க்குமினாய்டு 95 சதவீதம், 500 மி.கி. என்று பெரிய எழுத்தில் இருக்கும். கீழே சின்ன எழுத்தில், மிளகின் காரப் பொருளான பைப்பரின் 5 மி.கி. அல்லது மிளகுச் சாறு என்று இருக்கும். இன்னும் கீழே, மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும், ஏனென்றால் இது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிமத்தில் வருகிற சத்துப் பொருள், மருந்து உரிமத்தில் வருவதில்லை. நான் கவலைப்படுவது அந்த நடு வரிக்காக. 1998-ல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 2 கிராம் கர்க்குமினோடு 20 மி.கி. பைப்பரின் கொடுத்துப் பார்த்தார்கள், ரத்தத்தில் சேரும் அளவு இருபது மடங்கு கூடியது. "பாட்டி ரசத்தில் மிளகு போட்டதே இதற்குத்தான்" என்று சுற்றும் செய்திக்கு மூலம் இந்த ஆய்வுதான். பைப்பரின் எப்படி அதைச் செய்கிறது? மருந்துகளைக் கல்லீரல் உடைத்து வெளியேற்றும் வேலையை மந்தப்படுத்திவிடுகிறது. அதற்குக் கர்க்குமினுக்கு மட்டும் வழிவிடத் தெரியாது. வலிப்புக்குப் போடும் ஃபெனிட்டோயின், ரத்த அழுத்தத்துக்கும் நடுக்கத்துக்கும் போடும் ப்ரோப்ரனலால், மூச்சிரைப்புக்கான தியோஃபிலின் ஆகியவற்றின் ரத்த அளவையும் அது ஏற்றுகிறது என்று நம் நாட்டு ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. ஃபெனிட்டோயின் கொஞ்சம் கூடினாலே தள்ளாட்டம், குழறல், மயக்கம் வரும். வீட்டில் என்ன நினைப்பார்கள்? நோய் முற்றிவிட்டது என்று நினைப்பார்கள்.

அப்புறம் கல்லீரல். மஞ்சள் கேப்ஸ்யூலால் கல்லீரல் வீங்கியவர்கள் பற்றி இத்தாலி 2019-ல் எச்சரித்தது, ஆஸ்திரேலியா 2023-ல் எச்சரித்தது, அமெரிக்காவில் மருந்தால் வரும் கல்லீரல் பாதிப்பைக் கண்காணிக்கும் குழு 2022-ல் பத்துப் பேரைப் பற்றி எழுதியது. அந்தப் பத்தில் பலருக்கு எச்.எல்.ஏ-பி*35:01 என்ற ஒரே மரபணு வகை இருந்தது. அரிதான பக்கவிளைவுதான், பயமுறுத்தவில்லை. ஆனால் சாம்பார் மஞ்சளில் இப்படி வந்ததாகக் கேள்விப்பட்டதுண்டா? உறிஞ்சப்படும்படி தந்திரம் செய்த கேப்ஸ்யூலில்தான் பெரும்பாலும் வருகிறது.

சாம்பார் மஞ்சள் என்றதும் ஒரு துணைச் செய்தி, சென்னைக்காரர்களுக்கு. தெற்காசியாவின் 23 நகரங்களில் மஞ்சள் வாங்கிச் சோதித்து 2024-ல் ஓர் ஆய்வு வந்தது. மஞ்சளுக்குப் பளபளப்பு ஏற்ற லெட் குரோமேட் என்ற ஈயச் சாயம் பூசும் பழக்கம் எங்கெல்லாம் இருக்கிறது என்று பார்ப்பதுதான் நோக்கம். மோசமான அளவுகள் பாட்னா, கராச்சி, பெஷாவர் பக்கம் கிடைத்தன. ஆனால் கிராமுக்கு 10 மைக்ரோகிராம் என்ற வரம்பைத் தாண்டிய மாதிரி கிடைத்த நகரங்களில் சென்னையும் உண்டு. ஈயம் நேரடியாக நரம்பைத் தாக்கும் நஞ்சு. நரம்புக்கு நல்லது என்று தின்னும் மஞ்சளிலேயே அது இருந்தால் சிரிப்பதா அழுவதா. உதிரியாகக் கிடைக்கும், கண்ணைப் பறிக்கும் மஞ்சளை நான் வாங்குவதில்லை. கொஞ்சம் மங்கலாக, பழுப்படித்த கிழங்கு கிடைத்தால் வாங்கி அரைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் உரிம எண்ணும் தொகுதி எண்ணும் போட்ட பாக்கெட்.

கிரீன் டீக்கு வருவோம். இங்கே கோப்பையையும் கேப்ஸ்யூலையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும். பார்க்கின்சனுக்குப் பங்காளி மாதிரியான ஒரு நோய் இருக்கிறது, மல்டிப்பிள் சிஸ்டம் அட்ரோஃபி என்று பெயர், அதிலும் ஆல்ஃபா சைனுக்ளீன்தான் வில்லன். ஜெர்மனியில் 92 நோயாளிகளுக்கு 48 வாரம் ஈ.ஜி.சி.ஜி. கொடுத்துப் பார்த்து 2019-ல் முடிவை வெளியிட்டார்கள், நாளுக்கு 1,200 மி.கி. வரை. நோயின் போக்கு மாறவில்லை. சிலருக்குக் கல்லீரல் என்சைம் ஏறியது, அதனால் பாதியில் நிறுத்த வேண்டிவந்தவர்களும் உண்டு. சோதனைக் குழாயில் அந்தப் புரதத்தை அவ்வளவு அழகாகக் கலைத்த பொருள் இதுதான் என்பதை நினைத்தால் இந்த முடிவு வலிக்கிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் 2018-ல் நாளுக்கு 800 மி.கி.க்கு மேல் கேப்ஸ்யூலாக எடுத்தால் கல்லீரலுக்குச் சங்கடம் என்று சொல்லிவிட்டது. மஞ்சளில் சொன்ன அதே மரபணு வகை இங்கேயும் தலைகாட்டுகிறது, ஆகவே "மஞ்சள் ஒத்துக்கலை, கிரீன் டீ சத்துக்கு மாத்திடறேன்" என்பது ரொம்ப மோசமான யோசனை. கோப்பையில் குடிக்கிற கிரீன் டீ வேறு, அதில் கெடுதல் தேட வேண்டியதில்லை. சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் கீரையில் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் சரியாக ஒட்டாது, ரத்தசோகை உள்ள பெரியவர்கள் ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் போதும்.

ரெஸ்வெரட்ரால், அதாவது திராட்சைத் தோலில் இருக்கும் சத்து. விலை இதற்குத்தான் அதிகம், பாட்டிலும் வெளிநாட்டுப் பாட்டில், அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் வரும்போது வாங்கி வந்துவிடுவார்கள். சிவப்பு ஒயினில் ஒரு லிட்டருக்குச் சில மில்லிகிராம்தான் இருக்கிறது, ஆய்வில் கொடுத்ததோ நாளுக்கு 2 கிராம் வரை, ஆகவே ஒயின் குடிக்க இதை ஒரு சாக்காகச் சொல்லும் மாமாக்கள் வேறு சாக்கு தேடட்டும். 2015-ல் வெளியான அந்த ஆய்வில் 119 அல்சைமர் நோயாளிகள், ஒரு வருஷம். மருந்து எடுத்தவர்களின் மூளை மற்றவர்களைவிட அதிகமாகச் சுருங்கியிருந்தது. வீக்கம் வடிந்ததால் அப்படி இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் ஒரு விளக்கம் சொன்னார்கள், இருக்கலாம். ஆனால் என் அப்பாவுக்கு அந்த விளக்கத்தை நம்பி நான் கொடுக்க மாட்டேன். இன்னொன்று, மருந்து எடுத்தவர்களுக்கு எடை குறைந்தது. மறதி நோயில் சாப்பிடவே மறக்கிறவர்கள், தோள்பட்டை எலும்பு துருத்திக்கொண்டிருக்கும் பெரியவர்கள், அவர்களுக்கு எடை குறைவது சின்ன விஷயமே இல்லை.

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன். ஜிங்கோ: 75 வயதுக்கு மேற்பட்ட 3,069 பேருக்கு நாளுக்கு இரு முறை 120 மி.கி., ஆறு வருஷம், 2008-ல் முடிவு, டிமென்ஷியாவைத் தடுக்கவில்லை. இவ்வளவு பெரிய ஆய்வுக்குப் பிறகும் இது விற்கிறது என்பதுதான் ஆச்சரியம். ஆஸ்பிரினோ, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரினோ போடுகிறவர்களுக்கு ரத்தக்கசிவு அபாயம் வேறு. கோக்கோ: 2,000 பேருக்கு மேல் மூன்று வருஷம் கோக்கோ சத்து கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2022-ல் வந்தது, மூளைத் திறனில் மாற்றமில்லை. கூத்து என்னவென்றால் அதே ஆய்வில் சாதாரண மல்டிவிட்டமின் கொஞ்சம் வேலை செய்தது. ஃபில்டர் காபியிலும் குளோரோஜெனிக் அமிலம் என்ற பாலிஃபீனால் ஏராளம், காபி குடிப்பவர்களுக்குப் பார்க்கின்சன் குறைவாக வருகிறது என்று பல கணக்கெடுப்புகள் உண்டு. ஆனால் நோய் வந்தவர்களுக்குக் காஃபீன் கொடுத்துப் பார்த்த ஆய்வில் நடுக்கமோ இறுக்கமோ குறையவில்லை. காபியை விட வேண்டாம், மருந்தாகவும் நினைக்க வேண்டாம்.

பூனைக்காலி விதைப் பொடி பற்றியும் பார்க்கின்சன் வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். அது இந்தக் கணக்கிலேயே சேராது. அதில் வேலை செய்வது பாலிஃபீனால் இல்லை, டாக்டர் எழுதும் மாத்திரையில் இருக்கும் அதே லெவோடோபாதான். அதனாலேயே அது உண்மையில் வேலை செய்யும், அதனாலேயே ஆபத்தும். நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய பொடியில் எத்தனை மில்லிகிராம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, மாத்திரையோடு சேர்ந்தால் டோஸ் எகிறிவிடும். வாந்தி, எழுந்து நின்றால் தலைசுற்றிக் கீழே விழுவது, கை கால் தானாக ஆடுவது, இல்லாத ஆட்கள் கண்ணில் தெரிவது, எல்லாம் வரும். சித்த மருத்துவத்தில் நம்பிக்கை இருந்தால் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, அங்கே போய் ஆங்கில மருந்துச் சீட்டையும் காட்டி முறையாகக் கேளுங்கள், பொட்டலம் வாங்கிக் கலக்காதீர்கள்.

மிச்சம் இருப்பது சாப்பாடு. கத்தரிக்காய்த் தோல், வெங்காயம், முருங்கைக்கீரை, நெல்லி, நாவல், கருப்புக் கவுனி அரிசி, எல்லாவற்றிலும் பாலிஃபீனால் இருக்கிறது. இதுவும் மந்திரம் இல்லை. மூளைக்கென்றே வகுத்த மைண்ட் என்ற உணவுமுறையை 604 பேரிடம் மூன்று வருஷம் சோதித்து 2023-ல் வெளியிட்டார்கள், கட்டுப்பாட்டுக் குழுவோடு ஒப்பிட்டால் குறிப்பிடத்தக்க வித்தியாசம் வரவில்லை. ஆனாலும் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன், காரணம் ரொம்ப எளிது: கத்தரிக்காய் கூட்டு கல்லீரலைக் கெடுக்காது, மலச்சிக்கல் தீரும், சர்க்கரைக்கும் நல்லது, பணமும் தனியாக ஆகாது. வார்ஃபரின் போடுகிறவர்கள் மட்டும் கீரையைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது, வாரத்துக்கு எவ்வளவோ அதே அளவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது கேப்ஸ்யூலுக்கு மாதாமாதம் ஒதுக்க நினைத்த பணத்தை எங்கே போடலாம் என்பது. முதலில் வைட்டமின் பி12 ரத்தப் பரிசோதனை, கூடவே தைராய்டு. நம் ஊரில் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருஷமாகப் போடுகிறவர்கள், காலையில் வெறும் வயிற்றில் கேஸ் மாத்திரை போடுகிறவர்கள், அதோடு சுத்த சைவம் என்றால், பி12 குறைய எல்லா வாசலும் திறந்திருக்கிறது. மெட்ஃபார்மினும் குறைக்கும், கேஸ் மாத்திரையும் குறைக்கும். பி12 குறைந்தால் கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், மறதி வரும், அப்படியே டிமென்ஷியா மாதிரி இருக்கும். சீக்கிரம் கண்டுபிடித்தால் ஊசியில் சரியாகிறது, விட்டுவிட்டால் நரம்பு போனது போனதுதான். பாலிஃபீனால் தேடி வருகிற பத்துப் பேரில் ஒருவராவது பி12 பார்த்துவிட்டு வந்திருந்தால் சந்தோஷப்படுவேன். தானாக வாங்கிப் போடும் நரம்பு மாத்திரைகளில் பி6 அளவையும் பாருங்கள், அது மாதக்கணக்கில் அதிகமானால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

அடுத்தது காது. 2024-ல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு டிமென்ஷியாவுக்கு மாற்றக்கூடிய காரணங்கள் 14 என்று பட்டியலிட்டது, எல்லாவற்றையும் சேர்த்துச் சரிசெய்ய முடிந்தால் ஏறக்குறைய 45 சதவீத நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் கணக்கு. ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, தனிமை இதோடு காது கேளாமையும் கண் பார்வைக் குறையும் அதில் உண்டு. பாலிஃபீனால் பற்றாக்குறை அந்தப் பட்டியலில் இல்லை. காது மந்தமான முதியவர்களுக்குக் கருவி கொடுத்துப் பார்த்த ஆய்விலும் எல்லோருக்கும் பலன் வரவில்லை, ஏற்கெனவே இதய நோய் அபாயம் அதிகமாக இருந்த முதியவர்களிடம்தான் மூன்று வருஷத்தில் திறன் குறைவது பாதியளவு தணிந்தது. அந்த வகை முதியவர்கள்தான் நம் வீடுகளில் நிறைய.

ஆக என் தேர்வு ஆளுக்கு ஆள் மாறும். ஐம்பது அறுபது வயது, நோய் இல்லை, அம்மாவுக்கு வந்தது நமக்கும் வந்துவிடுமோ என்ற பயம் என்றால்: பிரஷர், சர்க்கரை, நடை, சாப்பாடு, இதுதான். பிடித்திருந்தால் கிரீன் டீ கோப்பையில் குடியுங்கள். மனசு கேட்கவில்லை, ஒரு கேப்ஸ்யூல் போட்டே ஆக வேண்டும் என்றால் மேலே சொன்னவற்றில் கர்க்குமினை, அதுவும் பைப்பரின் சேராததை, வேறு மாத்திரை எதுவும் போடாதவர் மட்டும், டாக்டரிடம் சொல்லிவிட்டு எடுத்துப் பார்க்கலாம். நோய் உறுதியானவர், கூடவே பல மாத்திரை போடுகிறவர் என்றால் எந்தக் கேப்ஸ்யூலும் வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர், வலிப்பு மருந்து எடுப்பவர், மஞ்சள் காமாலை வந்து போனவர், எடை குறைந்துகொண்டே வருபவர், இவர்களுக்குக் கண்டிப்பாக வேண்டாம். கால் எரிச்சல்காரருக்கு முதலில் பி12 அப்புறம் சர்க்கரை, கேப்ஸ்யூல் பேச்சே அதற்குப் பிறகுதான்.

ஏற்கெனவே வாங்கி, பாதி டப்பா காலியாகிவிட்டது என்றால் பதற வேண்டாம். அடுத்த முறை நரம்பு டாக்டரைப் பார்க்கும்போது டப்பாவையே கையில் எடுத்துப் போங்கள், பெயர் மட்டும் சொன்னால் அதில் மிளகுச் சாறு இருக்கிறதா என்று அவருக்குத் தெரியாது. கண்புரை, பல் பிடுங்குவது என்று எந்த ஆபரேஷன் இருந்தாலும் இதைப் போடுகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பசி அடங்கிப்போவது, காரணமில்லாத அரிப்பு, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போவது, கண் மஞ்சளாவது, இதில் எது தெரிந்தாலும் அன்றைக்கே நிறுத்திவிட்டு எல்.எஃப்.டி. என்ற கல்லீரல் ரத்தப் பரிசோதனை எடுத்துவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும்.